கல்லறைத் துணிகளும் ஆரோக்கியத்தின் மூட்டையும்

இமையம் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’ என்னும் புதினம் 1994-ஆம் ஆண்டு க்ரியா வெளியீடாக வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. 2001-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதனை ஆங்கிலத்தில் தந்தார். ஆசிரியர் பிற்காலத்தில் எழுதிய ‘செல்லாத பணம்’ 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. இலக்கிய உலகம் அவருடைய அந்த முதல் நூலைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றை ஏறக்குறையச் சொல்லி முடித்துவிட்டது. ஆயினும் அந்நூலின் தலைவி ஒரு கத்தோலிக்கப் பெண் என்பதும், அவள் வாழ்வின் பெருங்கனவு தன் மூத்த மகனைக் குருவாக்கிப் பார்ப்பதே என்பதும் கத்தோலிக்க வாசகர் வட்டத்தில் அதிகம் பேசப்பட்டதில்லை.

பேசியவர்களும் இரண்டு குறைகளைச் சொல்லி நூலை மூடி வைத்துவிடுவதைக் கேட்டிருக்கிறோம். ஒன்று, இதில் மன்னிப்பு இல்லை. தொடக்கம் முதல் இறுதிவரை துயரமும் கசப்புமே உண்டு என்பது. மற்றொன்று, இது பெரிய வெள்ளியோடு நின்றுவிட்ட நூல். உயிர்ப்பு ஞாயிறு இதில் விடிவதே இல்லை என்பது. இரண்டும் எளிதில் தள்ளிவிடக்கூடிய குறைகள் அல்ல. கிறிஸ்து உயிர்க்கவில்லை எனில் நம் விசுவாசம் வீண் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியாரின் வழிவந்தவர்கள் ஒரு நூலிடம் இக்கேள்விகளைக் கேட்பது இயல்பே. அவற்றை எடைபோட்டுப் பார்ப்பதுதான் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட வேலை.

குருக்களுக்குப் புதினத்தோடு என்ன உறவு என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலைத் திங்களில் இலக்கிய வாசிப்பைப் பற்றியே ஒரு மடல் எழுதினார். அருள்பணிப் பயிற்சியில் இருப்போர் கதைகளையும் கவிதைகளையும் படித்தாக வேண்டும் என்பது அதன் சாரம். அது அவர்களுக்குப் போதுமான மறுமொழி என்று விட்டுவிட்டு நூலுக்குள் செல்வோம்.

கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறும் கோமுகியும் கள்ளக்குறிச்சிச் சீமையை நனைத்துக்கொண்டு விருத்தாசலம் பக்கமாக இறங்கிச் செல்கின்றன. நாவலின் பேச்சுமொழி இந்த ஆற்றுப்படுகையின் மொழி. பழைய தென்னார்க்காட்டின் உலர்ந்த, கூர்மையான, சட்டென்று அழுகையாக மாறிவிடக்கூடிய மொழி. விரியூர், எறையூர் முதலிய பழைய கத்தோலிக்க ஊர்கள் இந்த நிலத்தில்தான் உள்ளன. ஆரோக்கியம், சவுரி என்று பெயர் வைத்துக்கொள்ளும் மக்கள் இங்கே நம் பங்குப் பதிவேடுகளின் பக்கங்களை நிறைத்திருப்பவர்கள்.

ஆரோக்கியம் புதிரை வண்ணார் குலத்தவள். தலித் மக்களுக்குத் துணி வெளுப்பதும், பிள்ளைப்பேறு பார்ப்பதும், சாவு வீட்டுக் காரியங்களைச் செய்வதும் அவள் கடமை. கூலி என்று பணம் கிடையாது. மாலையில் வீடு வீடாகச் சென்று சோறு வாங்கி வருவாள். அறுவடைக் காலத்தில் களத்தில் தானியப் பங்கு கேட்பாள். ஊர் யாரைத் தீண்டத் தகாதவர் என்கிறதோ அவர்களே இவளைத் தங்களுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். தலித் மக்களை ஒடுக்குவோராகக் காட்டிவிட்டார் என்று நூல் வந்த காலத்தில் ஆசிரியர்மீது கடும் சினம் எழுந்தது. அந்தச் சினத்தின் நியாயம் நமக்குப் புரிகிறது. ஆனால் இறையியல் நோக்கில் நூலின் முதன்மையான பயனே இதுதான் என்று கருதுகிறோம். பாவம் மேல்தட்டில் மட்டும் குடியிருப்பதில்லை. மேலிருந்து மிதிக்கப்பட்டவன் தனக்குக் கீழே ஒரு படி இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்க்கிறான். தொடக்கநூலின் முதல் பக்கங்களிலேயே அந்தத் தடவல் தொடங்கிவிடுகிறது.

சட்டத்தின் ஒரு விந்தையையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் புதிரை வண்ணார் உண்டு. 2009-இல் அவர்களுக்கென நல வாரியமும் அமைக்கப்பட்டது. ஆனால் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தைச் சாராதவரைப் பட்டியலுக்குள் கொள்ளவில்லை. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே தன் மக்களுள் கடைசியாக நிற்கும் ஆரோக்கியம், மண்ணுலகின் எந்தப் படிவத்திலும் அந்தக் கடைசி இடத்திற்குக்கூட உரிமை கோர இயலாதவள். இந்த அநீதியைக் கண்டித்து நம் திருச்சபை ஆண்டுதோறும் குரல் எழுப்புகிறது, எழுப்பட்டும். அந்தக் குரல் கோவில் வாசலுக்கு வெளியே கேட்கும் அளவுக்கு உள்ளேயும் கேட்கிறதா என்பதற்குப் பின்னர் வருவோம்.

நாவலில் பெயர்கள் தற்செயலாக வைக்கப்பட்டவை அல்ல. ஆரோக்கிய அன்னையின் பெயர் தாய்க்கு. சவேரியாரின் பெயர் திரிந்து தந்தைக்கு. பிள்ளைகள் ஜோசப், பீட்டர், மேரி. திருக்குடும்பமும் திருத்தூதர் தலைவரும் ஒரே குடிசையில் இருக்கிறார்கள். திருமுழுக்குத் தொட்டியருகே திருச்சபை இக்குடும்பத்துக்குத் தன்னிடமிருந்த மிகச் சிறந்த பெயர்களைக் கொடுத்தது. பெயருக்குப் பின் என்ன கொடுத்தது என்று நாவலில் தேடினால், வேண்டுதல் வைக்க ஓர் இடம், ஆண்டுக்கொரு திருவிழா, மகனைக் குருவாக்கலாம் என்ற ஓர் ஆசை, இவ்வளவே காணக் கிடைக்கின்றன. அந்த ஆசையும் நிறைவேறவில்லை. ஜோசப் திருமணமாகி மனைவியோடு வேறு ஊருக்குப் பிழைக்கப் போய்விடுகிறான். மேரி ஒருவனால் சீரழிக்கப்படுகிறாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அகல்கிறார்கள். இதற்கிடையில் காலமும் மாறுகிறது. சவர்க்காரம் கடையில் கிடைக்கிறது. தேய்ப்புக் கடைகள் வருகின்றன. மக்கள் தம் துணியைத் தாமே வெளுத்துக்கொள்கிறார்கள். ஆரோக்கியத்தின் மூட்டை சிறுத்துக்கொண்டே போகிறது. அவள் சட்டிக்குள் விழும் சோறும் குறைகிறது.

இப்போது முதற்குறைக்கு வருவோம். மன்னிப்பு இல்லை என்கிறார்கள்.

மேரிக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். தீங்கு செய்தவன் எந்தக் கேள்விக்கும் உட்படவில்லை. குடும்பம் வாய் திறக்க இயலாது; திறந்தால் அன்றைய சோறு நின்றுபோகும். வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் ‘இவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், மன்னித்துவிட்டார்கள்’ என்று சொல்லிவிடலாம். நமது பழைய செப மொழியில் மன்னிப்புக்குப் ‘பொறுத்தல்’ என்றே பெயர். பாவப் பொறுத்தல் என்றுதான் நம் முன்னோர் விசுவாச அறிக்கையில் சொல்லி வந்தனர். அழகான சொல். ஆனால் அதற்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தமிழில் பொறை என்றால் பொறுமை. பொறை என்றால் சுமையும் தான். திருக்குறளில் ‘பொறையுடைமை’ ஓர் அதிகாரம். அங்கே வள்ளுவர் நிலத்தை எடுத்துக்காட்டாக வைக்கிறார். நிலம் தன்னை அகழ்வாரைத் தாங்குகிறது. நிலத்துக்கு வேறு வழி உண்டா என்று வள்ளுவரை யாரும் கேட்டதில்லை. கோவேறு கழுதையும் அப்படித்தான் சுமக்கிறது. அது தனக்கென ஒரு சந்ததியைப் பெறாத விலங்கு. பிறர் மூட்டைக்காகவே பிறந்தது. இமையம் நூலுக்கு வைத்த தலைப்பில் இந்தப் ‘பொறுத்தல்’ முழுவதும் அடங்கியிருக்கிறது.

சுமப்பதும் மன்னிப்பதும் ஒன்றே என்று கொண்டால், ஆரோக்கியத்தைவிட அதிகமாக மன்னித்தவர் தமிழ்ப் புதினத்தில் இல்லை எனலாம். நாவல் அவளை அப்படிக் காட்ட மறுக்கிறது. அதன் நேர்மை அங்கே இருக்கிறது. மறுத்துச் சொல்ல உரிமையற்றவளின் மௌனத்தை அது மன்னிப்பு என்று பெயரிட்டு அலங்கரிக்கவில்லை.

நற்செய்தியில் மன்னிப்பு என்னும் சொல் வேறொரு திசையிலிருந்து வருகிறது. லூக்கா நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தில் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் எசாயாவின் ஏட்டைச் சுருள் விரித்து வாசிக்கிறார். சிறைப்பட்டோர்க்கு விடுதலை, ஒடுக்கப்பட்டோரை விடுவித்தல் என்று அங்கே இருமுறை வரும் கிரேக்கச் சொல் ‘அஃபெசிஸ்’. அதே நற்செய்தியின் 24-ஆம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் சீடர்க்குக் கொடுக்கும் பணியில் பாவமன்னிப்பு என்று நாம் மொழிபெயர்த்திருப்பதும் அதே ‘அஃபெசிஸ்’தான். கட்டை அவிழ்த்து விடுதல், கடனைத் தள்ளுதல், அடிமையை அனுப்பிவிடுதல் என்பதெல்லாம் அச்சொல்லின் பொருள்கள். லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தின் யூபிலி ஆண்டையும் கிரேக்க விவிலியம் இச்சொல்லாலேயே குறிக்கிறது. ஆக, உயிர்ப்பின் பணியாகத் திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்ட மன்னிப்பு, சுமப்பவனை மேலும் சுமக்கச் சொல்வதன்று. மூட்டையை இறக்கி வைப்பது.

கல்வராயன் மலைமக்களிடம் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1976 வரை அம்மலையின் மலையாளிப் பழங்குடியினர் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தனர். கூலியில்லா உழைப்பு அங்கே முறைமையாக இருந்தது. நாடெங்கும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும் அதே 1976-இல்தான். பாட்டன் வாங்கிய கடனுக்குப் பேரன் உழைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் மத்தேயு 18-ஆம் அதிகாரத்து உவமையைச் சொன்னால், பதினாயிரம் தாலந்து தள்ளுபடி பெற்றவன் நூறு தெனாரியத்துக்காக உடன்பணியாளனின் கழுத்தை நெரித்த இடத்தில் அவர் நிமிர்ந்து உட்காருவார். கடன் தள்ளப்பட்டது என்பதன் அறிகுறி, கடன்பட்டவன் எழுந்து தன் வழியே போக முடிவது. நகரத்து மறையுரைகளில் இந்த உவமை பெரும்பாலும் பக்கத்து வீட்டாரோடு நேர்ந்த மனக்கசப்புக்கு மருந்தாகச் சிறுத்துவிடுகிறது.

யோவான் 20-ஆம் அதிகாரத்தையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சீடர் அஞ்சிக் கதவுகளை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் மூன்று நாளுக்கு முன் ஓடிப்போனவர்கள். ஒருவர் மும்முறை மறுதலித்தவர். ஆண்டவர் வந்து நின்று அமைதி கூறுகிறார். அதன்பின் உடனே ‘நடந்ததை மறந்துவிடுவோம்’ என்று அவர் சொல்லவில்லை. கைகளையும் விலாவையும் காட்டுகிறார். அதன் பின்னரே இரண்டாம் முறை அமைதி கூறி, ஆவியை ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அளிக்கிறார். இரண்டு வாழ்த்துகளுக்கும் நடுவே காயங்கள் நிற்கின்றன. அவற்றைத் தாண்டிக்கொண்டு மன்னிப்பின் அதிகாரத்துக்குப் போகும் குறுக்குவழி அந்த அறையில் இல்லை. அடுத்த அதிகாரத்தில் பேதுருவிடம் அன்பைப் பற்றி மும்முறை கேட்பதும் ஒரு கரிநெருப்பின் அருகே. அவர் மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகேதான். நற்செய்தியாளர் இரு இடத்திலும் ஒரே சொல்லைக் கையாளுகிறார். நட்பு புதுப்பிக்கப்படும்போது காயப்பட்ட இடம் மீண்டும் தொடப்படுகிறது.

இதற்கு இணங்கவே நம் ஒப்புரவு அருளடையாளமும் அமைந்திருக்கிறது. மனத்துயரும் பாவ அறிக்கையும் போதா, பரிகாரமும் வேண்டும். களவாடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சீர்செய் என்று மறைக்கல்வி கேட்கிறது. சக்கேயு தன் வீட்டில் நான்கு மடங்கு கணக்குப் போட்ட பிறகுதான் மீட்பு அன்று அவ்வீட்டுக்கு வந்ததென ஆண்டவர் அறிவித்தார். நாவலுக்குள் சக்கேயு எங்கே? அறிக்கையிட்டவர் எவர்? பரிகாரம் செய்தவர் எவர்? எவரும் இல்லாத இடத்தில், பாதிக்கப்பட்டவளிடம் மட்டும் மன்னிப்பை எதிர்பார்க்கும் வாசகர், அருளடையாளத்தின் மற்ற பகுதிகளை யார் தலையில் கட்டிவிட்டார் என்று தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

இது கதை, நாட்டில் நடப்பது வேறு என்பார் உண்டு. எறையூரை நினைவூட்டுகிறோம்.

எறையூர் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள பழம்பெரும் பங்கு. 2008-இல் அது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது; கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அங்கு வன்னியக் கிறிஸ்தவரும் தலித் கிறிஸ்தவரும் ஒரே செபமாலை அன்னையின் மக்கள். தலித் மக்கள் முன்வைத்த குறைகள் நாடறிந்தவை: கோவிலில் தனியே ஒதுக்கப்பட்ட இடம், தனிக் கல்லறை, தங்கள் தெருவுக்கு வராத தேர், இறந்தவரைப் பெரிய தெரு வழியே கோவிலுக்குக் கொண்டுவர இயலாத நிலை. தாங்கள் எழுப்பிய சகாய அன்னை சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்கித் தருமாறு அவர்கள் கேட்டு உண்ணாநோன்பு இருந்தனர். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல் துறை துப்பாக்கியால் சுட்டது. இருவர் இறந்தனர். இறந்த இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது, அழுதவர்கள் இருந்தார்கள். இழப்பை ஒரு பக்கத்துக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

அந்த நாளின் வழிபாட்டைப் பாருங்கள். மார்ச் 9 தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. வாசக முறையில் அது முதலாம் ஆண்டு. அன்று உலகெங்கும் கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி யோவான் 11-ஆம் அதிகாரம், இலாசர் உயிர்பெற்ற நிகழ்ச்சி. நான்கு நாள் கல்லறையில் கிடந்தவர் ஆண்டவரின் குரல் கேட்டு வெளியே வருகிறார். கைகால்கள் துணியால் கட்டுண்டிருக்கின்றன, முகம் மூடியிருக்கிறது. உயிரைக் கொடுத்த ஆண்டவர் கட்டை மட்டும் தாமே அவிழ்க்கவில்லை. அருகில் நின்றோரை அவிழ்க்கச் சொல்கிறார், அவரைப் போக விடும்படி பணிக்கிறார். அங்கே ‘போக விடுதல்’ என்பதற்கு யோவான் பயன்படுத்தும் வினைச்சொல், மன்னித்தலுக்குச் சீடர்களிடம் ஆண்டவர் பயன்படுத்தும் அதே வினைச்சொல். ‘அஃபெசிஸ்’ என்ற பெயர்ச்சொல் பிறந்ததும் அந்த வேரிலிருந்துதான். உயிர்ப்பு இறைவனுடையது, கட்டவிழ்ப்பு சுற்றி நின்ற ஊராருடைய வேலை. ஊரார் அந்த வேலையைச் செய்யாது விட்டிருந்தால் இலாசர் உயிரோடிருந்தும் பிணக்கோலத்திலேயே நின்றிருப்பார்.

பதினான்கு நாள் கழித்து, மார்ச் 23 அன்று, அவ்வாண்டின் உயிர்ப்புப் பெருவிழா வந்தது.

தனிக் கல்லறை என்பது எறையூரின் தனிக்குறை அன்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நின்ற சுவரைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ்க் கத்தோலிக்கர் குறைவு. உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் மக்கள், அந்த உடல்கள் எழுந்து வரும்போது எந்தப் பக்கமாக வர வேண்டும் என்று முன்கூட்டியே சுவர் எழுப்பி வைப்பதில் உள்ள முரண்பாடு, நாத்திகருக்கு விளங்குகிறது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து அவர்களிடம் வெளிப்படையாகவே பேசினார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றையும் வெளியிட்டது. ஏட்டில் குறை ஒன்றும் இல்லை.

எறையூரில் மோதியவர்களும் ஆரோக்கியத்தை ஆட்டிவைத்தவர்களும் ஒரே படியில் நிற்பவர்கள் அல்லர். படி வேறு, ஏணி ஒன்று. நாவல் அந்த ஏணியின் ஆகக் கீழ்ப்படியிலிருந்து மேலே பார்க்கிறது. அதனால்தான் அதில் கத்தோலிக்கருக்குப் பழக்கமான ‘இருதரப்பு சமரசம்’ என்னும் காட்சி அகப்படவில்லை. சமரசத்துக்கு இரண்டு தரப்பு வேண்டும். ஆரோக்கியத்தை ஒரு தரப்பாக ஊர் எண்ணியதே இல்லை.

இரண்டாம் குறை, உயிர்ப்பு இல்லை என்பது. இதில் நமக்கும் ஆசிரியரோடு ஒரு வழக்கு உண்டு.

ஆரோக்கியத்தின் சமய வாழ்வை இமையம் வெளியிலிருந்தே பார்க்கிறார். அவள் புனிதரை அழைக்கிறாள், வேண்டுகிறாள், புலம்புகிறாள். ஆனால் யோபுவைப் போல, திருப்பாடல் ஆசிரியர்களைப் போலக் கடவுளை நிறுத்தி வைத்து வழக்காடும் இடம் வரவில்லை. ஒப்பாரியை இவ்வளவு உயிரோடு கேட்கத் தெரிந்த எழுத்தாளருக்கு அந்த ஒப்பாரி செபமாக மாறும் கணம் தென்படாமற் போனது இழப்பு. பங்கில் சாவு வீடுகளுக்குச் சென்று வருகிற எவரும் அறிவர்: நம் பெண்கள் பிணத்தருகே கடவுளிடம் கேட்கும் கேள்விகள் இறையியல் கல்லூரிகளில் கேட்கப்படுவதில்லை. திருச்சபையும் நாவலில் தொலைவில் நிற்கும் ஒரு கட்டடமாகவே இருக்கிறது. அது ஆசிரியரின் குறையா, உண்மையான தொலைவைச் சரியாக அளந்த நிறைவா என்பதை அந்தந்தப் பங்கின் வாசகர் முடிவு செய்துகொள்ளலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தாயின் துயரம் ஆசிரியரை முழுவதுமாக ஆட்கொண்டுவிட்டதால், ஜோசப் ஊரை விட்டுப் போவது தாயின் இழப்பாக மட்டுமே நம் கண்ணில் படுகிறது. குருவாகப் போக வேண்டியவன் சம்சாரியாகி, பெற்றோரைக் கைவிட்டுப் போனான் என்றே வாசகர் மனத்தில் பதிகிறது. அவன் எதை விட்டுப் போனான்? மாலைச் சோற்றுக்காக வாசல் வாசலாக நிற்பதை, களத்தில் கையேந்துவதை, பிறந்த நாளிலேயே எழுதி வைக்கப்பட்ட ஒரு மூட்டையை. எகிப்தை விட்டுப் புறப்பட்டவர்களுக்குப் பின்னாலும் அழுத தாய்மார் சிலர் இருந்திருக்கக் கூடும். விடுதலைப் பயணம் என்று நாம் பாஸ்கா இரவில் வாசிப்பதும் இவ்வாறான ஒரு வெளியேற்றமே அன்றோ?

மகதலா மரியா கல்லறையருகே அழுதுகொண்டிருந்தாள். திரும்பியபோது ஆண்டவர் நிற்கிறார். அவள் தோட்டக்காரர் என்று எண்ணுகிறாள். கண்ணீர் மறைத்தது. ஆரோக்கியமும் அவ்வாறே தன் பிள்ளைகளின் போக்கில் நிகழும் கட்டவிழ்ப்பை அறியாதவளாக அழுகிறாள் என்று இந்நாவலை வாசிக்க இடமிருக்கிறது. ஆசிரியர் அவ்வாசிப்புக்கு உதவவில்லை; தடுக்கவும் இல்லை. மேரியின் கதையை இந்த வாசிப்புக்குள் கொண்டுவர முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவளுக்கு நேர்ந்ததை எந்த விடுதலைப் பயணத்தின் ஒரு கட்டமாகவும் நாம் விளக்கிவிட முடியாது. அந்தக் காயம் காயமாகவே நிற்கிறது. விலாவைக் காட்டுவது போல நாவல் அதைக் காட்டுகிறது, அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் ஆரோக்கியத்தை நடத்துகிற விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அவளுடைய உழைப்பு தேவைப்படாத காலம் வந்ததும் ஊர் அவளை விட்டுவிடுகிறது. விட்டுவிடுதல் வேறு, விடுதலை வேறு. அடிமையை அனுப்பும்போது வெறுங்கையோடு அனுப்பாதே என்று இணைச்சட்ட நூலின் 15-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஆட்டு மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் அள்ளிக் கொடு என்கிறது. அங்கேயும் களம் வருகிறது. நாவலில் களத்துக் காட்சிகளைப் படிக்கும்போது இந்தக் கட்டளை நினைவுக்கு வராமல் இராது. இந்நூலில் இமையத்தின் எழுத்து உச்சத்தைத் தொடுவது தானியம் கேட்டும் சோறு வாங்கியும் அவள் அலையும் பக்கங்களில்தான் என்பது எம் துணிபு. துயரத்தைப் பற்றி ஆசிரியர் அங்கே பேசுவதில்லை. எவ்வளவு கிடைத்தது, யார் கொடுத்தார், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கணக்கு மட்டும் சொல்கிறார்.

நற்செய்திக்கு வண்ணார் அந்நியர் அல்லர். தோற்றமாற்ற நிகழ்ச்சியை எழுதும் மாற்கு, ஆண்டவரின் ஆடை வெண்மையை விளக்க உலகத்துச் சலவைத் தொழிலாளர் ஒருவராலும் வெளுக்க முடியாத வெண்மை என்கிறார். கல்லறைக்குள் பேதுரு குனிந்து நுழைந்தபோது அவர் கண்டது வானதூதரை அன்று; கிடந்த துணிகளையும், தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்த தலைத்துண்டையும் தான். உயிர்ப்பின் முதற்சான்று பிணத்தின்மேல் கிடந்த துணி. நம் ஊர்களில் அத்தகைய துணி யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதை வாசகருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பேதுருவும் மற்றச் சீடரும் கண்டு திகைத்து நின்றதை, ஆரோக்கியத்தைப் போன்ற ஒருத்தி கண்டிருந்தால், துணியை எடுத்துப் பார்த்த மாத்திரத்திலேயே, இதற்குள் இருந்தவர் எப்படிப் போனார் என்று கேட்டிருப்பாள். பிணத்திலிருந்து உருவிய துணிக்கும் உயிரோடிருப்பவர் கழற்றி வைத்த துணிக்கும் வேறுபாடு அவள் கைக்குத் தெரியும்.

இந்நூலை அன்பியக் கூட்டங்களில் வாய்விட்டு வாசிக்கலாம் என்பது எம் பரிந்துரை. முழுவதும் வேண்டாம், தவக்காலத்து ஐந்து வாரங்களுக்கு ஐந்து பகுதிகள் போதும். பேச்சுவழக்கு முதலில் நகரத்து நாவுக்குத் தட்டுத் தடுமாறும். இந்த வட்டாரத்துப் பாட்டிமார் ஒருவரிடம் நூலைக் கொடுத்தால் சரியாகிவிடும். வாசித்த பின் உடனே விளக்கம் சொல்ல எவரும் முந்த வேண்டியதில்லை. எந்தத் தெருவில் வாசிப்பது, யார் வீட்டுத் திண்ணையில் அமர்வது, அங்கே கொடுக்கும் தேநீரை யார் யார் வாங்கிக் குடிப்பார்கள் என்பவற்றை மட்டும் முன்னதாகவே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.